பொயிண்ட் குக் வாசலுக்கு ஒரு தபால்

முப்பத்தாறு வருடம் தாராபுரம் பக்கத்து ஊர்களில் தபால் கொடுத்தவன் நான். மழையோ வெயிலோ, சைக்கிள் மிதிக்காத வேலைநாள் கிடையாது. மிதித்த தூரத்தைச் சேர்த்தால் பூமியை இத்தனை சுற்று வரும் என்று என் மகன் கதிர் ஒருமுறை சொன்னான். எத்தனை என்பது மறந்துவிட்டது. மறக்காதது ஒன்றுதான். அத்தனை தூரமும் மிதித்துப் போய் நான் இறங்கி நின்றதெல்லாம் அடுத்தவர் வாசல்.

போன வருடம் நானும் என் மனைவி சரோஜாவும் சிட்னியில் டூங்கபியில் இருக்கும் கதிர் வீட்டுக்கு வந்தோம். காலையில் பேரனைப் பள்ளியில் விட்டால் மூன்று மணி வரை வேலையில்லை. தெருவில் ஆளே இருக்காது. லெட்டர் பெட்டிகளை வேடிக்கை பார்த்துக்கொண்டு நடப்பேன். ஆறு வாரம் அப்படி நடந்தபின் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொன்னேன்: மெல்பர்னில் பொயிண்ட் குக்கில் இருக்கும் மகள் மலர் வீட்டுக்கு நான் சைக்கிளில் போகப் போகிறேன்.

"அப்பா, ப்ளைட்டுல ஒன்றரை மணி நேரமுங்க" என்றான் கதிர்.

"ப்ளைட்டுல போனா ஏர்போர்ட்டுல எறங்கோணும். நான் அவ வாசல்ல எறங்கோணும்."

கதிருக்குப் புரியவில்லை. நானும் விளக்கவில்லை. என் இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து மூன்று வருடம் ஆகிறது. அவன் பயப்படுவதில் நியாயம் உண்டு. இரண்டு நாள் வேண்டாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் ஒரு நிபந்தனையோடு வந்தான்.

"சாயங்காலம் ஆறு மணிக்கு உங்க போன் எனக்கு வரோணும். ஒரு நாள் வரலீன்னாலும் நான் காரை எடுத்துட்டு வந்துருவேன். சைக்கிளைத் தூக்கி டிக்கியில போட்டுக் கூட்டிட்டு வந்துருவேன். அப்பறம் பேச்சே கிடையாதுங்கப்பா."

ஒத்துக்கொண்டேன். சரோஜா ஒன்றே ஒன்று சொன்னாள்: "ஏனுங்க, போறது போறீங்க, முழுசாப் போய்ச் சேருங்க."

சைக்கிள் கொடுத்தது சிவம். டூங்கபி ஸ்டேஷன் பக்கம் மளிகைக்கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர். "என்ர மகன்ர சைக்கிள் அங்கிள். ரெண்டு வருசமா சும்மாதான் நிக்குது. கொண்டுபோங்கோ" என்று கடையின் பின்கட்டிலிருந்து உருட்டிக்கொண்டு வந்தார். ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பார். அதை மாற்றி நேரானதைப் போட்டு, பெரிய கேரியர் ஒன்றையும் நல்ல சத்தமுள்ள மணி ஒன்றையும் பூட்டிக்கொண்டேன். ஹெல்மெட் போடாமல் சைக்கிள் ஓட்டினால் இங்கே அபராதமாம். அறுபத்து மூன்று வயதில் முதல்முறையாக சைக்கிளுக்கு ஹெல்மெட் போட்டேன். கண்ணாடியில் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

முதல் இரண்டு நாள் ஊரைத் தாண்டவே சரியாகப் போனது. மூன்றாம் நாளிலிருந்துதான் ஆஸ்திரேலியா கண்ணில் பட்டது. வசந்தகாலம். இரண்டு பக்கமும் கடுகு இனத்துச் செடி மஞ்சளாகப் பூத்துக் கிடக்கிறது. எண்ணெய்க்காகப் போடுகிறார்களாம். மஞ்சள் முடிந்தால் பச்சை, பச்சையில் ஆடு. ஒரு வயற்காட்டுக்குச் சொந்தக்காரர் இருக்கிறார் என்பதற்கு வேலியைத் தவிர அடையாளமில்லை. லாரிகள் ரயில் நீளத்துக்கு வருகின்றன. ஆனால் ஓட்டுகிறவர்கள் என்னைக் கண்டதும் தூரத்திலேயே ஒதுங்கி, அகலமாக இடம் விட்டுப் போகிறார்கள். நம்மூரில் முப்பத்தாறு வருடத்தில் எனக்கு வழிவிட்ட லாரி எது என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

வியக்க வைத்தது பூங்காக்கள். எந்தச் சின்ன ஊருக்குப் போனாலும் ஆற்றோரம் ஒரு புல்வெளி, சுத்தமான கழிப்பறை, குடிதண்ணீர்க் குழாய், மரத்தடியில் ஒரு மின்சார அடுப்பு. பட்டனை அழுத்தினால் இரும்புத்தட்டு சூடாகும். யாரும் காசு கேட்பதில்லை. இவர்கள் அதில் கறி சுடுகிறார்கள். நான் தோசைக்கல்லாகப் பார்த்தேன். நன்றாகத் தேய்த்துக் கழுவி, பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டு நாலு இழுப்பு இழுத்து, அரிசி மாவும் ரவையும் கரைத்து ஊற்றினேன். முதல் தோசை பிய்ந்தது. இரண்டாவது சுழன்று வந்தது. பக்கத்து அடுப்பில் நின்ற தாத்தா ஒருவர் தன் இடுக்கியை வைத்துவிட்டு வந்து பார்த்தார்.

"அதன் பெயர் என்ன?"

சொன்னேன். ஒரு தோசையைப் பருப்புப்பொடி தூவிக் கொடுத்தேன். தின்றுவிட்டு, "இந்த அடுப்பு இங்கே இருபது வருடமாக இருக்கிறது. இதற்கு இது தெரியும் என்று எங்களுக்குத் தெரியாது" என்றார். அன்று இரவு தங்க அவர் ஊர் பொருட்காட்சி மைதானத்தில் இடம் கேட்டுக் கொடுத்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஊரில் என் வீடும் நான் தபால் கொடுக்கும் பீட்டில்தான் இருந்தது. பதினொன்றேகால் மணிக்கு வீட்டைக் கடப்பேன். மலர் சின்னவளாக இருந்தபோது, லீவு நாட்களில் அந்த நேரத்துக்கு கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "அப்பா, எனக்கு ஏதாச்சும் வந்திருக்குங்களா?" என்பாள். "உன் பேருக்கு வரலை" என்று சொல்லிவிட்டுப் போவேன். தினமும் கேட்பாள், தினமும் அதையே சொல்வேன். எனக்கு அது வேடிக்கையாகக்கூட இருந்தது. பத்து வயதில் கேட்பதை நிறுத்திவிட்டாள். ஒரு கார்டு வாங்கி நானே எழுதிப் போட்டிருக்கலாம். பையில் கார்டு எப்போதும் இருக்கும். எனக்குத் தோன்றவே இல்லை.

அதனால் இந்தப் பயணத்தில் தினமும் ஒரு பட அட்டை வாங்கி மலருக்கு எழுதினேன். மறுநாள் காலை அந்த ஊர்த் தபால் நிலையத்துக்குப் போய், "தேதி முத்திரை மட்டும் குத்தி என்னிடமே கொடுங்கள்" என்பேன். முத்திரை இல்லாமல் கடிதம் என்று ஒன்றை நான் கையில் எடுத்ததில்லை. முதல் ஊரில் கவுன்டரில் இருந்த பெண் ஒரு மாதிரி பார்த்தாள்.

"நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். நான் தபால்காரன்."

"எத்தனை தூரம்?"

"மெல்பர்ன்."

அவள் முத்திரையை இரண்டு முறை துடைத்துவிட்டு, ஒரு எழுத்தும் சிதையாமல் குத்திக் கொடுத்தாள். வேலை தெரிந்தவள்.

ஏழாம் நாள் மாலை ஒரு கூடார மைதானத்தில் ஹிரோஷி என்ற ஜப்பான்காரரைச் சந்தித்தேன். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். தன் நாடு முழுவதையும் வடக்கிலிருந்து தெற்காக சைக்கிளில் சுற்றிவிட்டு, நாலு மாதமாக இங்கே சுற்றிக்கொண்டிருந்தார். எங்கள் இருவரின் ஆங்கிலமும் ஒரே அளவு. அதனால் நன்றாகப் புரிந்தது. புளிக்காய்ச்சல் கலந்த சோறு கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு தின்றார். உப்பில் ஊறவைத்த பழம் ஒன்றை உள்ளே வைத்து உருட்டிய சோற்று உருண்டை கொடுத்தார். எலுமிச்சை ஊறுகாய்க்குத் தூரத்துச் சொந்தம்.

விலாசங்களைப் பற்றிப் பேச்சு வந்தது. ஜப்பானில் பல இடங்களில் வீட்டு எண் தெரு வரிசையில் வராதாம். எந்த வீடு முதலில் கட்டினார்களோ அது ஒன்று, அடுத்துக் கட்டியது எங்கே இருந்தாலும் இரண்டு. "அங்கே தபால்காரர் பைத்தியமாகிவிட மாட்டாரா?" என்றேன். "அவருக்கு எல்லார் பாட்டனையும் தெரிந்திருக்க வேண்டும்" என்று சிரித்தார். பிறகு எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னார். இந்த நாட்டுக் கிராமச் சாலைகளில் வீட்டு எண் என்பது தூரம்தானாம். சாலை தொடங்கும் இடத்திலிருந்து பத்து மீட்டருக்கு ஒன்று. எண் நானூறு என்றால் நாலு கிலோமீட்டர். கேட்டதும் எழுந்து நின்றுவிட்டேன். இப்படி ஒன்றை யோசித்தவர் எவரோ, அவர் காலைத் தொட்டுக் கும்பிடலாம்.

மறுநாள் அந்த அறிவுதான் என்னைக் கவிழ்த்தது.

மதியம் ஒரு மணி இருக்கும். பிரதான சாலையிலிருந்து ஒரு மண்சாலை பிரியும் இடத்தில், வேலிக்கம்பியில் ஒரு உறை சிக்கிப் படபடத்துக்கொண்டிருந்தது. இறங்கி எடுத்தேன். ஒட்டியது பிரிக்காமல் இருந்தது. விலாசத்தில் ஹெலன் என்று ஒரு பெயர், 1860, அந்த மண்சாலையின் பெயர். பதினெட்டு கிலோமீட்டர் அறுநூறு மீட்டர்.

செய்ய வேண்டியது என்னவென்று எனக்குத் தெரியும். அடுத்த ஊர்த் தபால்பெட்டியில் போட வேண்டும். ஆனால் மையில் ஈரம் ஏறியிருந்தது, மேற்கே மேகம் கறுத்திருந்தது, எழுத்து எத்தனை மணி நேரம் தாங்கும் என்று சொல்ல முடியாது. இதெல்லாம் நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணங்கள். உண்மை என்னவென்றால் கை பரபரத்துவிட்டது. விலாசம் எழுதிய உறையைக் கையில் வைத்துக்கொண்டு வேறு திசையில் மிதிக்க என் காலுக்குத் தெரியாது. போக இரண்டு மணி நேரம், வர இரண்டு. ஐந்துக்கு ஊர், ஆறுக்குப் போன். திருப்பினேன்.

ஆறாவது கிலோமீட்டரில் மழை பிடித்தது. தண்ணீர் புகாத உறை ஒன்றை போனுக்காக என்று கதிர் வாங்கித் தந்திருந்தான். நான் போனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, உறைக்குள் ஹெலனின் கடிதத்தையும் மலருக்கு எழுதிய அட்டைகளையும் வைத்தேன். யோசிக்கவே இல்லை. பையில் முதலில் காப்பாற்ற வேண்டியது எது என்று கேட்டால் என் கைக்கு ஒரே பதில்தான் தெரியும்.

சேறு சக்கரத்தில் அப்பிக்கொண்டது. பாதி தூரம் உருட்டினேன், கொஞ்ச தூரம் தூக்கினேன். 1860 என்ற பலகைக்கு வந்தபோது ஐந்தேமுக்கால். லெட்டர் பெட்டி ஒரு பழைய பால்கேன். அதில் போட்டுவிட்டுத் திரும்பியிருக்கலாம். ஆனால் நனைந்த கடிதத்தைக் கையில்தான் கொடுக்க வேண்டும். நான் கற்ற வேலை அப்படி. வீட்டுக் கதவைத் தட்டினேன்.

அறுபது வயதிருக்கும் ஒரு அம்மாள் வந்தார். சேறும் ஹெல்மெட்டுமாக நின்றவனை ஏற இறங்கப் பார்த்தார். கடிதத்தை நீட்டிவிட்டு, "குட் ஈவினிங், மேடம்" என்று சைக்கிளைத் திருப்பினேன். கடிதம் கொடுத்தபின் தபால்காரன் வாசலில் நிற்கக் கூடாது. உள்ளே நல்லது இருக்கும், கெட்டது இருக்கும். அதைப் படிக்கும் முகம் நமக்குச் சொந்தமில்லை. முப்பத்தாறு வருடமும் ஒரு முகத்தைக்கூட நின்று பார்த்ததில்லை.

"நில்லுங்கள்" என்றார் ஹெலன். "இதை எங்கே எடுத்தீர்கள்?"

சொன்னேன். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். ஊரிலிருந்து தபாலை வாங்கி வந்தபோது வண்டியின் பின்பக்கம் போட்டாராம், காற்றில் போயிருக்கிறது. "மின்சாரக் கட்டணம். இது தொலைந்ததில் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா?"

அப்போதுதான் போனை எடுத்தேன். திரை கறுப்பு. அழுத்தினேன், உதறினேன், ஒன்றும் இல்லை. மணி ஆறு ஆகிக்கொண்டிருந்தது.

"வீட்டுப் போன் இருக்கிறதே. நம்பரைச் சொல்லுங்கள்" என்றார்.

அங்கேதான் மாட்டினேன். என் பீட்டில் ஆயிரத்துச் சொச்சம் வீடுகளின் விலாசம் இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன். கதிரின் வீட்டு எண், தெரு, பின்கோடு எல்லாம் தெரியும். அவன் போன் நம்பர் தெரியாது. எந்த நம்பரையும் நான் மனப்பாடம் செய்ததில்லை. மலருடையதும் தெரியாது. சுவர்க்கடிகாரத்தில் ஆறு தாண்டி முள் நகர்வதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எட்டு நாள் மிதித்ததும் காரின் டிக்கிக்குள் போகப் போகிறது. ஒரு கரண்ட் பில்லுக்காக. என் மேலேயே எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது.

பிறகு சிவத்தின் கடை ஞாபகம் வந்தது. கடைப் பெயரும் தெருவும் சொன்னேன். ஹெலன் கணினியில் தேடி நம்பரைப் பிடித்தார்.

"ஐயோ அங்கிள்! எங்க நிக்கிறீங்கள்?" என்றார் சிவம். "கதிர் இப்பத்தான் வந்து தண்ணிப்போத்தலும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு போனவர். பின்னேரம் முழுக்க உங்கட போன் எடுபடேல்லையாம், உங்களைத் தேடி வெளிக்கிடப் போறாராம்."

"அவனுக்குப் போன் பண்ணிச் சொல்லுங்க சிவம், நான் நல்லா இருக்கேன்னு."

"ஓம், ஓம்... பொறுங்கோ." வேறு போனில் முயன்றார். "பிஸியா இருக்குது அங்கிள். கடையை என்ர மனுசி பாத்துக்கொள்ளுவா. நான் நேர ஓடிப்போய்ச் சொல்லிப்போட்டு வாறன். அந்த வீட்டு நம்பரைத் தாங்கோ."

டூங்கபியில் ஒரு மளிகைக்கடைக்காரர் என் செய்தியைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடுவதை நினைத்தபடி ஹெலன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஹெலன் டீ கொடுத்தார். டீயைக் குடித்தேனா என்பது நினைவில்லை. பத்து நிமிடத்தில் போன் அடித்தது.

"எங்கீங்கப்பா இருக்கறீங்க?" கதிர்தான். "மலரும் நானும் இந்நேரம் வரைக்கும்... எல்லா ஆஸ்பத்திரிக்கும் போன் பண்ணலாமான்னு..."

"ரோட்டுல ஒரு லெட்டர் கெடந்துது, கதிரு. கொண்டாந்து கொடுத்தேன். மழையில போன் போச்சு."

"லெட்டரா? யாருக்கு?"

"இந்தம்மாளுக்கு."

"என்ன லெட்டருங்க?"

"கரண்ட் பில்லு."

சரி, திட்டப் போகிறான் என்று காத்திருந்தேன். ஒரு மாதிரி மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. அழுகிறானோ என்று பயந்தேன். சிரிக்கிறான். இந்த ஊருக்கு வந்து இரண்டு மாதத்தில் அவன் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

"ரிட்டையர்டு ஆகி மூணு வருசமாச்சுங்கப்பா."

"அது எனக்குத் தெரியும். லெட்டருக்குத் தெரியாதுல்ல."

"கார் சாவி கையிலதான் இருக்குது" என்றான். "சரி. சிவம் அண்ணன் வந்து சொன்னதை உங்க போன் வந்த மாதிரி வெச்சுக்கறேன். இன்னைக்கு ஒரு நாளைக்குத்தான். நாளைக்கு ஆறு மணி, அப்பா."

"ஆறு மணி" என்றேன்.

அன்று இரவு அங்கேயே தங்கி, நனைந்த போனை என் அரிசிப்பைக்குள் புதைத்து வைத்தேன். மறுநாள் காலை உயிர் வந்தது. ஹெலன் சைக்கிளை வண்டியில் ஏற்றி பிரதான சாலையில் விடுவதாகச் சொன்னார். மறுத்துவிட்டேன். பத்தொன்பது கிலோமீட்டரையும் மிதித்தே வந்தேன். கிளம்பும்போது கதிரின் நம்பரை மார்க்கர் பேனாவால் என் ஹெல்மெட்டின் உட்புறம் எழுதிக் கொடுத்தவர் ஹெலன்தான்.

அதற்குப் பின் விக்டோரியா மாநிலம். கறுப்பு வெள்ளைக் காக்கை மாதிரி ஒரு பறவை, மேக்பை என்கிறார்கள், பின்னாலிருந்து வந்து ஹெல்மெட்டில் டொக்கென்று கொத்தும். முட்டையிடும் காலமாம். நாய்களைச் சமாளிக்கத் தெரிந்த எனக்குப் பறவையைச் சமாளிக்கத் தெரியவில்லை. மணி அடித்துப் பார்த்தேன், அதற்கும் மரியாதை இல்லை. ஒரு பேக்கரிக்காரம்மா, பறவை கிட்டே வராது என்று, ஹெல்மெட்டில் பிளாஸ்டிக் கட்டுகளைக் குச்சி குச்சியாக நீட்டிக் கட்டிவிட்டார். முள்ளம்பன்றி வேடத்தில் மெல்பர்னுக்குள் நுழைந்தேன். அந்த ஊரில் சைக்கிளுக்கென்றே தனிப் பாதைகள் ஆற்றோரமாக மைல் கணக்கில் போகின்றன. அந்தப் பாதையில் ஒரு பெண்மணி என்னை முந்திப் போகும்போது, மணியடித்துவிட்டு, மன்னிப்பும் கேட்டுவிட்டுப் போனார். முந்தியதற்கு மன்னிப்பு!

பதின்மூன்றாம் நாள், சனிக்கிழமை, பொயிண்ட் குக். எல்லா வீடும் ஒரே அச்சு. புதுப் பீட்டுக்கு மாற்றலாகி வந்தவன் மாதிரி எண்களைப் பார்த்துக்கொண்டே மெதுவாக ஓட்டினேன். மலர் என்ஜினியர், தண்ணீர் சுத்திகரிக்கும் நிலையத்தில் அவளுக்குக் கீழே பதினைந்து பேர் வேலை செய்கிறார்கள். அவள் வீட்டை நான் பார்ப்பது அன்றுதான் முதல்முறை. வாசலில் இறங்கி, ஸ்டாண்ட் போடாமல், மணியை இரண்டு முறை அடித்தேன்.

கதவு திறந்தது. ஓடி வரப் போகிறாள் என்று நினைத்தேன். வரவில்லை. மெதுவாக நடந்து வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் ஹெல்மெட்டைப் பார்த்தாள். உதடு கோணியது, அது சிரிப்பா வேறு எதுவுமா என்று தெரியவில்லை.

"எனக்கு ஏதாச்சும் வந்திருக்குங்களா?" என்றாள்.

தண்ணீர் புகாத உறையைத் திறந்து, ரப்பர் போட்டுக் கட்டிய அட்டைகளை எடுத்து, மேலிருந்த விலாசத்தைச் சத்தமாகப் படித்தேன். பெயர், வீட்டு எண், தெரு, பின்கோடு. "வந்திருக்குதும்மா" என்று நீட்டினேன்.

அவள் ரப்பரை அவிழ்த்து முதல் அட்டையைத் திருப்பினாள். முத்திரையை விரலால் தடவிவிட்டுப் படிக்கத் தொடங்கினாள். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டு, பழக்கத்தில் பெடலில் கால் வைத்தேன்.

சைக்கிள் நகரவில்லை. அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமலே மலர் ஒரு கையால் கேரியரைப் பிடித்திருந்தாள்.

"நில்லுங்கப்பா. படிச்சு முடிச்சுக்கறேன்."

நின்றேன்.